பொலிஸ் மா அதிபருக்கு: பிணையில் விட்டதை எங்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்?

பொலிஸ் மா அதிபர் அவர்களுக்கும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் உதவியும் பாதுகாப்பும் வழங்கவென்று உங்களுக்குக் கீழ் இயங்கும் பிரிவின் பொறுப்பாளருக்கும்,

கொழும்பு வடக்கில் ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழில் வாக்குமூலம் எழுதத் தெரிந்த ஒரேயொரு பெண் கான்ஸ்டபிள் இருந்தார். அவரை இடம் மாற்றிவிட்டீர்கள். பதிலுக்கு யாரும் வரவில்லை. "எப்போது வருவார்?" என்று கேட்டால், "மேலிடத்துக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். ஆகவே மேலிடத்துக்கே எழுதுகிறேன். என் அம்மாவின் தாலிக்கொடியைப் பறித்த வழக்கில் சந்தேக நபரைப் பிணையில் விட்டதைக்கூட எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பொலிஸ் சேவையில் இடமாற்றம் வழமையானது. அவரே கேட்டுத் தன் ஊர்ப் பக்கம் போயிருந்தால் எனக்கும் சந்தோசம். அவர் போனதை நான் குறை சொல்லவில்லை. அந்தக் கட்டளையில் கையெழுத்து வைத்தவர், நாளைக்கு அடிபட்டு வருகிற ஒரு தமிழ் மனுசி அந்த நிலையத்தில் யாரிடம் வாய் திறப்பாள் என்று ஒரு நிமிடமாவது யோசித்தாரா? எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

நிலையத்தின் பெயரை வேண்டுமென்றேதான் விடுகிறேன். பெயரைப் போட்டால் அங்குள்ள ஒரு சார்ஜனிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் போகும், அவர் ஒரு பதில் எழுதுவார், கோவை மூடப்படும். இது ஒரு சார்ஜனின் பிழை அல்ல. முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிற என் சொந்தக்காரர்களும் கந்தோரில் கூட வேலை செய்கிறவர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள்.

நடந்தது இது. என் அம்மா அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயில் பூசை முடிந்து வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது பின்னால் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தான். கொடி உடனே அறவில்லை. அம்மா அதோடு சேர்ந்து இழுபட்டுப் போய், வடிகான் மூடியில் இடது கையை ஊன்றியபடி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கழுத்தைச் சுற்றிக் கொடி அறுத்த கோடு இப்போதும் தெரியும். தாலி மட்டும் சட்டைக்குள் விழுந்து தப்பியது. கொடி போய்விட்டது.

எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் எலும்பு முறிவு கடுங்காயம். காயப்படுத்திப் பறித்தால் அது வெறும் திருட்டல்ல, கொள்ளை. ஆனால் நிலையத்தில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பவுண், பில் இருக்கா?"

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, சட்ட வைத்திய அதிகாரிக்குக் காட்டும் பொலிஸ் போமும் நிரப்பி முடிந்த பிறகு வாக்குமூலம் கொடுக்கப் போனோம். எழுதிய சார்ஜனைக் கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். கதிரையை இழுத்துப் போட்டார், அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது, அவ்வளவுதான். அம்மாவுக்கோ சந்தையில் பேரம் பேசுகிற அளவு சிங்களம்தான் வரும். நான் இடையில் புகுந்து சொல்லப் போனேன். "நீங்க பார்த்தீங்களா? இல்லைத்தானே. அம்மா சொல்லட்டும்" என்று சிங்களத்தில் சொன்னார். சட்டப்படி அது நியாயமும்கூட. பார்த்தவர்தானே சொல்ல வேண்டும். பிறகு என்ன செய்தார் தெரியுமா? தன் த்ரீவீலின் பக்கக் கண்ணாடியை எவனோ உடைத்துவிட்டான் என்று முறைப்பாடு செய்ய வந்து வாங்கில் குந்தியிருந்த ஒருவரைக் கூப்பிட்டு, "இந்த அம்மா என்ன சொல்றான்னு சொல்லு" என்றார்.

ஒரு கொள்ளை வழக்கின் முதல் வாக்குமூலத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அந்த த்ரீவீல்காரர். பாவம், அவருக்கு ஹயர் போகிற நேரம். அம்மா ஐந்து வசனம் சொன்னால் அவர் ஒரு வசனம் சொன்னார். சார்ஜன் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் போன் வந்தது, ஒரு தரம் யாரோ சாவி கேட்டு வந்தார்கள். கடைசியில் பெரிய புத்தகத்தைத் திருப்பி அம்மாவின் பக்கம் வைத்து, பேனாவால் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். அம்மா நல்ல கையை மட்டும் வைத்துக்கொண்டு, பக்கம் முழுக்க ஓடிய சிங்கள எழுத்தின் அடியில் தன் பெயரைத் தமிழில் எழுதினார். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்துக் காட்டவில்லை.

இது நடக்கக் கூடாது என்று சொல்கிற சட்டம் புதிதல்ல. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. வாய்மொழியாகச் சொல்கிற முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுத வேண்டும், எழுதியதை முறைப்பாட்டாளருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அலுவலருக்கு முடியாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அவருக்கும் எழுத முடியாவிட்டால்தான் வேறு தேசிய மொழியில் எழுதலாம். அப்போதும் ஏன் அப்படி எழுதினோம் என்ற காரணத்தைக் குறித்துவைத்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். என் அம்மாவுக்குத் தமிழ் எழுதத் தெரியும். அட்டனில் பள்ளிக்கூடம் போனவர். இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவர். "நீங்களே எழுதித் தாருங்கள்" என்று ஒரு கடதாசியை நீட்டியிருந்தால் போதும். நாற்பது வருசத்துக்கு மேலாகச் சட்டத்தில் கிடக்கிற அந்த ஒரு வரி அந்த மேசைக்கு வந்து சேரவில்லை.

வாசித்துக் காட்டாததன் விலை பிறகுதான் தெரிந்தது. காசு கட்டி முறைப்பாட்டின் பிரதியை எடுத்து, புறக்கோட்டையில் என்னோடு வேலை செய்கிற சிங்கள அண்ணா ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எனக்குச் சிங்களம் பேச வரும். அந்தக் கையெழுத்தை வாசிக்க வராது. ஹெல்மெட் போட்டிருந்தவன் கொடியை இழுத்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. அம்மா சொன்னது நேர் எதிர். ஓட்டியவன் ஹெல்மெட் போட்டிருந்தான், அவன் முகம் தெரியவில்லை. இழுத்தவனுக்கு ஹெல்மெட் இல்லை, முகத்தை வடிவாகப் பார்த்தேன், இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. அந்தத் தழும்பு முறைப்பாட்டில் எங்கேயும் இல்லை.

நீதிமன்றப் படி ஏறாதவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முகம் பார்த்தேன் என்று சொல்லி அடையாள அணிவகுப்பில் ஒருவனைக் காட்டுகிறார் அம்மா. அவருடைய சொந்த வாக்குமூலமோ, இழுத்தவன் ஹெல்மெட் போட்டிருந்தான் என்கிறது. பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை வைத்துச் சாட்சி முன்னுக்குப்பின் முரணாகப் பேசுகிறார் என்று காட்ட எதிர்த்தரப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. புதுக்கடையில் நாங்கள் காட்டிய சட்டத்தரணி பிரதியைப் பார்த்ததும், "குறுக்கு விசாரணைக்கு இது ஒன்றே போதும்" என்றார். அம்மா பொய் சொன்னதாகத்தான் முடியும். பொய்யை எழுதியவர் யாரென்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை.

திருத்த வேண்டும் என்று நிலையத்துக்குப் போனோம். "அதெல்லாம் கோர்ட்டில் சொல்லிக்கொள்ளலாம்" என்றார்கள். அப்போது அந்தப் பக்கமாகப் போன கான்ஸ்டபிள் தங்கச்சி, நாங்கள் இப்போது இழந்திருக்கிற அதே பிள்ளை, நின்று என்ன பிரச்சினை என்று கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய் அனுமதி எடுத்துக்கொண்டு வந்து, அம்மாவை ஒரு ஓரமாக இருத்தி மேலதிக வாக்குமூலம் எழுதினார். தமிழில். ஒவ்வொரு பந்தி முடியவும் நிறுத்தி வாசித்துக் காட்டினார். "தழும்பு அவன்ட இடது பக்கமா, நீங்க பார்க்கேக்க இடது பக்கமா?" என்று கேட்டார். அம்மா கண்ணை மூடி யோசித்து, தன் முகத்திலேயே கையை வைத்துக் காட்டிப் பதில் சொன்னார். எனக்குத் தெரிந்து இந்த வழக்கில் யாராவது விசாரணை என்று ஒன்றைச் செய்தது அந்த அரை மணித்தியாலம்தான்.

அதற்குப் பிறகும் தவணைத் திகதி, அணிவகுப்புத் திகதி எல்லாவற்றையும் அவர்தான் போனில் சொன்னார். அவருடைய சொந்த போனில், சொந்த ரீலோடில். சிங்களத்தில் வந்த அழைப்பாணையை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் வாசித்துச் சொல்வார். அது அவருக்குக் கொடுத்த வேலையா என்றுகூட எனக்குத் தெரியாது. பாதிக்கப்பட்டோருக்கான சேவை என்று உங்கள் திணைக்களம் பெயர் வைத்திருப்பது எங்கள் நிலையத்தில் ஒரு பிள்ளையின் நல்ல மனசில் நடந்துகொண்டிருந்தது. பிள்ளை போனது, சேவையும் போனது.

இனி, இந்தக் கடிதத்துக்குக் கட்டாயம் வரப்போகிற பதிலுக்கு முன்கூட்டியே வருகிறேன். "கொழும்புத் தமிழ் ஆட்களுக்குச் சிங்களம் தெரியும்தானே?" நிலையத்தில் கேட்டிருக்கிறேன், கச்சேரியில் கேட்டிருக்கிறேன், எங்கள் ஆட்களே கொஞ்சம் பெருமையோடு சொல்லவும் கேட்டிருக்கிறேன். ஆம், தெரியும். பஸ்ஸில் இறங்குமிடம் சொல்ல, மீன்காரனோடு சண்டை போட, கந்தோரில் கணக்குக் கேட்க எனக்கு நன்றாகவே வரும். ஆனால் கை முறிந்து, கழுத்தில் இரத்தம் காய்ந்து, நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருக்கும் ஒருவர், யார் எந்தப் பக்கம் இருந்தான், கை எந்தப் பக்கமிருந்து வந்தது, முகம் எப்படி இருந்தது என்று நுணுக்கமாகச் சொல்ல வேண்டியது தான் கனவு காண்கிற மொழியில். கொஞ்சம் தெரிந்த மொழியில் சொன்னால் தெரிந்த சொற்களுக்கு ஏற்றபடி சம்பவம் சுருங்கிவிடும். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணையும் வீட்டில் அடிவாங்கி வருகிற ஒருத்தியையும் அந்த வாங்கில், அந்த த்ரீவீல்காரருக்குப் பக்கத்தில் வைத்து யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் போனது தாலிக்கொடி. அதைச் சொல்வதில் வெட்கமில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள்? பெண்கள் உதவிக்கு அழைக்க 109 என்றும் 1938 என்றும் தொலைபேசி இலக்கங்கள் சுவரில் இருக்கின்றன. அந்த இலக்கங்களை அழைத்த பிறகும் வந்து சேர வேண்டிய இடம் இந்த மேசைதானே.

இன்னொரு பதிலும் வரலாம்: தமிழ் உத்தியோகத்தர் போதாது, வடக்கு கிழக்குக்கே காணாது. இருக்கலாம். ஆனால் கொழும்பு தமிழ் பேசுகிற ஊர் இல்லையா? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கொழும்புப் பிரதேச செயலாளர் பிரிவில் தமிழரையும் முஸ்லிம்களையும் சேர்த்தால் அவர்கள்தான் பெரும்பான்மை. 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழி. நிர்வாகம் சிங்களத்தில் நடக்கிற இடத்திலும் அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. 2007 ஜூலை 1க்குப் பிறகு சேரும் அரச ஊழியர் ஐந்து வருசத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று பொது நிர்வாகச் சுற்றறிக்கை 7/2007 சொன்னது. அப்படியானால் எங்கள் நிலையத்தில் இருக்கிற இளம் உத்தியோகத்தர்கள் எல்லாருக்கும் இந்நேரம் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். பரீட்சையில் தேறியவர்கள் இருக்கிறார்கள் என்றும் கேள்வி. "உங்கள் பெயர் என்ன" என்று கேட்கத் தெரிகிறவரால் ஒரு கொள்ளைச் சம்பவத்தைத் தமிழில் எழுத முடியுமா என்று யார் பரீட்சித்துப் பார்த்தார்கள்?

மொழியோடு இது முடிந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது பிணை விசயத்தில்.

அம்மா அணிவகுப்பில் அடையாளம் காட்டினார். வரிசையாக நின்றவர்களுக்கு முன்னால் போய் நின்று, அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டு காட்ட வேண்டியிருந்தது. வெளியே வந்து என் கையைப் பிடித்தவர் வீடு வரும்வரை விடவில்லை. சந்தேக நபர் விளக்கமறியலில் இருக்கிறான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் காலையில் பால்மா வாங்கச் சந்திக்குப் போன அப்பா, தேத்தண்ணிக் கடை வாசலில் அவன் நிற்கிறான் என்று மூச்சு வாங்க ஓடி வந்தார். பிணை கிடைத்திருக்கிறது. பிணை கொடுத்தது நீதவான். அதில் எனக்கு வழக்கில்லை, சட்டம் அவனுக்கும் உண்டு. ஆனால் அவனுக்கெதிராகச் சாட்சி சொல்லப்போகிற கிழவிக்கு, அவன் இன்றைக்கு வெளியே வருகிறான் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? தேத்தண்ணிக் கடைதான் சொல்ல வேண்டுமா?

அடுத்த கிழமை இரண்டு பெண்கள் ஒரு பை அப்பிளோடு வீட்டுக்கு வந்தார்கள். அவனுடைய தாயும் சின்னம்மாவும். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்து எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. "அக்கா, பெடியன் தெரியாமச் செஞ்சிட்டான், நகைக்குக் காசு தாறோம், சமாதானமாப் போவோம்" என்று அழுதார். அம்மா பேசாமல் இருந்தார். போகும்போது சின்னம்மா வாசலில் திரும்பி நின்று, "நீங்களும் இந்த ஒழுங்கையிலதானே இருக்கப் போறீங்க" என்றார். மிரட்டல் என்று கையில் பிடித்துக் காட்ட முடியாத பேச்சு. பிறகு தெரியாத இலக்கத்திலிருந்து போன் வந்தது, எடுத்தால் பேச்சில்லை. அன்றிலிருந்து அம்மா வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குப் போவதில்லை.

நிலையத்தில் சொன்னோம். "வீட்டுக்கு வந்து கதைக்கிறது குற்றமா? கோர்ட்டில் சொல்லுங்கள்" என்றார்கள். எங்களுக்கு அதுவே பதில் என்றுதான் பட்டது. பிறகு சட்டத்தரணி சொல்லித்தான் தெரிய வந்தது: இந்த நாட்டில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2015இல் 4ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. அதை நீக்கி 2023இல் 10ஆம் இலக்கச் சட்டத்தைப் பாராளுமன்றம் நிறைவேற்றியிருக்கிறது. சாட்சியை மிரட்டுவது, பழிவாங்குவது, சாட்சி சொல்லாதே என்று அழுத்துவது எல்லாம் தனிக் குற்றம். பாதுகாப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதைப் பார்க்க ஒரு தேசிய அதிகாரசபையும் இருக்கிறது, பொலிசுக்குள்ளேயே ஒரு தனிப் பிரிவும் இருக்கிறது. விசாரணை எங்கே நிற்கிறது, வழக்கு எப்போது, சந்தேக நபரைப் பிணையில் விட்டார்களா என்பதையெல்லாம் அறியப் பாதிக்கப்பட்டவருக்கு உரிமை இருக்கிறது. சட்ட வைத்திய அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறலாம். குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனை விதிக்கும் முன், இந்தக் குற்றம் என் வாழ்க்கையை என்ன செய்தது என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். நட்டஈடு கேட்கலாம்.

இத்தனையும் இருக்கின்றன. முறைப்பாடு எழுதிய அன்றைக்கு இவற்றில் ஒன்றையாவது எங்களிடம் யார் சொன்னார்கள்? தமிழில் வேண்டாம், சிங்களத்திலாவது யார் சொன்னார்கள்? உங்கள் பிரிவின் பெயரைக் கேட்டபோது அந்த நிலையத்தில் ஒருவர் மற்றவரைப் பார்த்தார். பிரிவின் பொறுப்பாளர் இதைப் படிக்கிறார் என்றால் அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: ஐயா, உங்கள் கந்தோரில் எவ்வளவு நல்ல சேவை நடந்தாலும், நிலையத்தின் முறைப்பாட்டு மேசையில் இருப்பவர் உங்கள் பெயரைச் சொல்லாதவரை நீங்கள் எங்களுக்கு இல்லை. வருத்தப்பட்டு வருகிற சனத்துக்கு அந்த மேசைதான் வாசல்.

கொழும்பு வடக்குக்குப் பாதிக்கப்படுவது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்துக்குப் போய்க் குண்டுவெடிப்பில் சிக்கித் திரும்பாதவர்கள் எங்கள் ஒழுங்கைகளில் இருந்தவர்கள். அந்த வழக்கில் 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், தாக்குதல் பற்றி முன்கூட்டியே கிடைத்த தகவலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று முன்னாள் ஜனாதிபதியும் அன்றைய பொலிஸ் மா அதிபரும் மற்ற அதிகாரிகளும் தங்கள் சொந்தப் பணத்தில் நட்டஈடு கட்ட வேண்டும் என்று சொன்னது. பொலிஸ் மா அதிபருக்கு விதித்தது 75 மில்லியன் ரூபா. அதையும் என் அம்மாவின் தாலிக்கொடியையும் ஒரு தட்டில் வைக்கிற அளவுக்கு நான் அறிவில்லாதவள் அல்ல. ஆனால் சொல்ல வேண்டியதை உரியவருக்குச் சொல்லாமல் விடுவது கடமை தவறுதல் என்பது அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அது பெரிய வழக்குக்கு மட்டும் பொருந்துகிற நியாயம் இல்லை.

நான் கேட்பவை இவை.

கொழும்பு வடக்கு, மத்தி, தெற்கு என்று எந்தப் பிரிவானாலும், ஒவ்வொரு நிலையத்திலும் எந்த நேரமும் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடிய ஒருவராவது கடமையில் இருக்க வேண்டும். அவர்களில் பெண்களும் வேண்டும். இன்றைக்கே முடியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். முடியும்வரை, தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இருக்கிற வேறு நிலையத்துக்கு வீடியோ அழைப்பு எடுத்து அவரை மொழிபெயர்க்க வைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தமும் வேண்டாம், வரவுசெலவுத் திட்டமும் வேண்டாம், ஒரு சுற்றறிக்கை போதும். வாங்கில் இருக்கிறவரைக் கூப்பிடுவதை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள். தமிழ் தெரிந்த ஒருவரை இடம் மாற்றும்போது, அவர் இடத்துக்கு வருகிறவர் வந்து கடமையேற்ற பிறகே அவரை விடுவியுங்கள்.

தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டால், 109ஆம் பிரிவு கேட்கிற காரணம் அந்தப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று உங்கள் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்கள் நிலையப் பரிசோதனைக்குப் போகிறபோது பார்க்க வேண்டும். "நீங்களே எழுதித் தரலாம்" என்று முறைப்பாட்டாளரிடம் சொல்ல வேண்டும். வாசித்துக் காட்டாத வாக்குமூலத்தில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது.

முறைப்பாடு எழுதி முடிந்த கையோடு ஒரு தாள், தமிழிலும் சிங்களத்திலும், முறைப்பாட்டாளர் கையில் கொடுக்கப்பட வேண்டும். முறைப்பாட்டு இலக்கம், விசாரிக்கிறவரின் பெயர், நிலையத்தின் போன் இலக்கம், எந்த நீதிமன்றம், 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்குள்ள உரிமைகள், உங்கள் பிரிவினதும் தேசிய அதிகாரசபையினதும் இலக்கங்கள். சுவரில் ஒட்டுவது போதாது. அடிபட்டு வருகிறவர் சுவர் வாசிக்க மாட்டார்.

பிணை கிடைத்தால் அன்று பின்னேரமே பாதிக்கப்பட்டவருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். போக வேண்டும். ஒவ்வொரு நிலையத்தின் சார்பிலும் நீதிமன்றத்தில் ஒரு சார்ஜன் நிற்கிறார். கட்டளை வாசிக்கப்படும்போது அவர் அங்கேதான் இருக்கிறார். மின்சாரக் கட்டணம் கட்டாவிட்டால் எங்களுக்கு எஸ்.எம்.எஸ். வருகிற நாடு இது.

சந்தேக நபரின் ஆட்கள் சாட்சியின் வீட்டுக்கு வந்தார்கள் என்று யார் சொன்னாலும், அது தனி முறைப்பாடாகப் பதியப்பட்டு உங்கள் பிரிவுக்குப் போக வேண்டும். அது மிரட்டலா இல்லையா என்பதை முறைப்பாட்டு மேசையில் இருப்பவர் தீர்மானிக்க வேண்டாம்.

கொழும்பின் ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் தமிழில் வாக்குமூலம் எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர், ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை என்பதை வெளியிடுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்டு உங்கள் மேசையை நிரப்புவதைவிட நீங்களே சொல்லிவிடுவது எல்லாருக்கும் லேசு.

கடைசியாக, எங்கள் வழக்கு. அந்தக் கான்ஸ்டபிள் எழுதிய தமிழ் வாக்குமூலம் வழக்குக் கோவையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால் நிலையத்தில் பதில் இல்லை. அது எங்கே இருக்கிறது, சட்டமா அதிபர் திணைக்களத்துக்குக் கோவை போகும்போது அதுவும் கூடப் போகுமா என்பதை அடுத்த தவணைக்கு முன் எழுத்தில் அறியத் தாருங்கள். கடிதத்தை என் அம்மாவின் பெயருக்கு, தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கொழும்பு வடக்கிலிருந்து ஒரு முறைப்பாட்டாளரின் மகள்